குப்பிக்கு வயது சொன்னவர்

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாமெல்லாம் முதலில் ஆட்களைப் பார்ப்போம். அவர் மாடத்தைப் பார்ப்பார். மாடத்தில் ஒரு குப்பி இருந்துவிட்டால் வந்த காரியம் மறந்துபோகும். ஒரு தடவை துக்கம் கேட்கப் போன வீட்டில் செத்தவரின் மகன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். இவர் கண் அவன் தலைக்கு மேலே போயிருக்கிறது.

"அப்பச்சிக்கு மூட்டுவலி இருந்துச்சோ?"

"ஆமாண்ணே, கடைசி வரைக்கும் இருந்துச்சு" என்று அவன் இன்னும் பலமாக அழுதான்.

"பினாங்குத் தைலம். குப்பி நல்ல குப்பி. தைலம்தான் சுமாரு" என்றாராம் இவர்.

அவர் தெருமுனையில் திரும்புகிறார் என்று தெரிந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் அவசர அவசரமாக மாடத்துக் குப்பிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்கள். எழுத்து இருக்கும் முகம் தெரியாவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பு. அவருக்கு முதுகே போதும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகள் இன்னும் காரைக்குடியில் இருக்கிறார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயர் குப்பிச் செட்டியார். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ரங்கூனில் நிறைய வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் அங்கேயிருந்து தேக்கு மரமும் வைரத்தோடும் கொண்டுவந்தார்கள். இவர் வந்து இறங்கியபோது வண்டியில் ஐந்து பெரிய பெட்டிகள் இருந்தன. அவர் மனைவி, அந்த வீட்டு ஆச்சி, ஆசையாக முதல் பெட்டியைத் திறந்தார். வைக்கோல். வைக்கோலை விலக்கினால் காலிக் குப்பி. இரண்டாவது பெட்டியிலும் அதுவே. மூன்றாவது பெட்டியை ஆச்சி திறக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ரங்கூனில் இவர் கடைக்குப் பக்கத்தில் பழைய குப்பி வாங்கி விற்கும் சீனர் ஒருவர் இருந்தாராம். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து உட்கார்ந்து இவருக்கு அந்தப் பித்து ஏறிவிட்டது. வலது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்திருப்பார். எந்தக் குப்பியை எடுத்தாலும் அந்த நகத்தைக் குப்பியின் அடியில் வைத்து மெதுவாக மேலே இழுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு வயதைச் சொல்வார்.

நான் அப்போது காரைக்குடியில் ஒரு சோடா கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்யாணமான புதிது. நாலாவது வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். எனக்குக் குப்பிகளோடு இருக்கிற வேலை பிடித்திருந்தது. ஒரு நாள் அவர் சோடா குடிக்க வந்தார். வந்தவர் குடித்த குப்பியைத் திருப்பித் தராமல் நகத்தை வைத்து இழுத்துக்கொண்டே நின்றார்.

"செட்டியாரே, குப்பியைக் குடுங்க. ஆளுக நிக்கிறாக" என்றார் என் முதலாளி.

"இது உங்க குப்பி இல்லையே. கொழும்புக் குப்பி. இங்குட்டு எப்படி வந்துச்சு?"

"எப்படியோ வந்துச்சு. கோலி இருக்கு, காத்து நிக்குது. வேற என்ன வேணும்?"

அவருக்கு வேறு என்னவோ வேண்டியிருந்தது. அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அந்தக் குப்பி எந்தக் கடையிலிருந்து எங்களுக்குத் திரும்பி வந்தது என்று கேட்டு, தேவகோட்டையில் அந்தக் கடைக்குப் போய், அங்கே கேட்டு, கடைசியில் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய ஒரு மாப்பிள்ளை வழியில் குடிப்பதற்காகக் கையோடு கொண்டுவந்த குப்பி என்று கண்டுபிடித்துவிட்டார். அத்தோடு விட்டாரா? அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "தண்ணி நம்ம ஊர்ல கிடைக்காதுன்னு நினைச்சீகளா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அந்தக் குப்பியை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். தொல்லை விட்டால் போதுமென்று கொடுத்தார். அதிலிருந்து எங்கள் கம்பெனிக்கு விசித்திரமான குப்பி எது வந்தாலும் எடுத்துவைத்து லீவு நாளில் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கமாகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஊர்தான். காரைக்குடியிலிருந்து கொத்தமங்கலம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது.

குப்பிக்கு வயது சொல்கிற வித்தையை அவர் ஒன்றும் மூடி வைக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் சொல்வார். கண்ணாடியை அச்சுக்குள் விட்டு ஊதுவார்கள். அச்சு இரண்டு பாதி. பாதியும் பாதியும் சேரும் இடத்தில் குப்பியின் மேல் ஒரு மெல்லிய கோடு விழும். பழைய காலத்தில் வாயை மட்டும் தனியாகக் கையால் செய்து ஒட்டினார்கள். அதனால் பழைய குப்பியில் அந்தக் கோடு தோளோடு நின்றுவிடும். மிஷின் வந்த பிறகு செய்த குப்பியில் கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறும். ரொம்பப் பழசு என்றால் அடியில் தொப்புள் மாதிரி ஒரு தழும்பு இருக்கும். இவ்வளவுதான். ஆனால் வயதைச் சொன்னதோடு அவரால் நிறுத்த முடியாது. அதில் என்ன இருந்தது, யார் குடித்தார்கள், ஏன் குடித்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஒரு கோடையில் ஊருணி வற்றித் தூர் வாரினார்கள். அவருக்குத் திருவிழா. கரையில் ஒரு குடையை நட்டு உட்கார்ந்துவிட்டார். மண்வெட்டியில் 'டிங்' என்று சத்தம் கேட்டால் போதும், "வெட்டாதே! வெட்டாதே!" என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் ஓடுவார். கழுவுவார், முகர்வார், அறிவிப்பார். இது சாராயம். இது விளக்கெண்ணெய். இது பன்னீர். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

கீழ வீட்டுப் பெரியவரும் நின்றார். எழுபது வயது. தலை கன்னங்கரேல் என்று இருக்கும். கேட்டால் ரங்கூன் தண்ணியின் குணம் என்பார். அப்போது ஒரு சின்ன நீலக் குப்பி வந்தது. இவர் முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"மயிருக்கு அடிக்கிற சாயம்" என்றார் சந்தோஷமாக. அடுத்த வெட்டில் இன்னொன்று வந்தது. பிறகு ஒன்று. "ஏ அப்பா, ஒரே ஆளு வருசக்கணக்கா அடிச்சிருக்காரு! இந்த மூலைக்கு எந்த வீட்டு வாய்க்கால் வருது?"

அவரே எழுந்து வாய்க்காலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே போனார். அது வளைந்து வளைந்து கீழ வீட்டுப் பின்கட்டில் போய் முடிந்தது. திரும்பிப் பார்த்தால் பெரியவர் தன் குடையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த பொங்கலிலிருந்து அவர் தலைப்பாகை கட்ட ஆரம்பித்தார்.

"ஏன் செட்டியாரே, அவுக நின்னாகளே, கொஞ்சம் பொறுத்துச் சொல்லக்கூடாதா?" என்று நான் கேட்டேன்.

"யாரு நின்னா?" என்றார் அவர். நிஜமாகவே அவர் பார்க்கவில்லை.

எல்லாமே சிரிப்பாக முடிந்ததில்லை. ஊருக்கு மேற்கே பொட்டலில் ஒரு தடவை உளுத்துப்போன மரப்பெட்டி ஒன்றைத் தோண்டி எடுத்தார். உள்ளே வரிசை குலையாமல் குப்பிகள். எல்லாவற்றிலும் மருந்து அப்படியே இருந்தது. தக்கை மேல் அரக்குகூட உடையவில்லை. வயதானவர்களிடம் போய்ப் போய்க் கேட்டார். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒருவர் சொல்லிவிட்டார். ஊரில் வாந்திபேதி வந்த வருஷம் வெளியிலிருந்து மருந்து வந்திருக்கிறது. குடித்தால் செத்துப்போவோம் என்று பயந்து புதைத்துவிட்டார்கள்.

"ஒண்ணுகூடத் திறக்கலை தம்பி. ஒண்ணைத் திறந்து பாத்திருக்கலாம்" என்றார் அவர். அதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னார். வயதானவர்கள் நாலைந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். கொஞ்ச நாள் யாரும் அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

அவர் வீட்டு மாடியில் ஒரு பெரிய அறை முழுக்கக் குப்பிகள். சுவரோரம் உயரப்படி நிறுத்தியிருப்பார். தினம் துடைப்பார். அவர் வீட்டு ஆச்சி என்னைப் பார்த்தால் சொல்வார்: "நானும் ஒரு குப்பியாப் பிறந்திருக்கணும் தம்பி. தினம் துடைச்சு நல்ல எடத்துல வச்சிருப்பாக."

அந்த அறையில் நடுநாயகமாக ஒரு குப்பி இருந்தது. தூர் வாரியபோது ஊருணியின் அடிக் களிமண்ணில் கிடைத்தது. லேசான பச்சை. உருண்டை வயிறு. கண்ணாடிக்குள் காற்றுக் கொப்புளங்கள். அதற்கு மட்டும் அவர் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "இவுக நம்ம எல்லாருக்கும் மூத்தவுக தம்பி. இவுக வந்தப்ப ரயிலும் கிடையாது, மிஷினும் கிடையாது" என்பார்.

இனி மேல வீட்டுக் காசிக் குப்பியின் கதையைச் சொல்ல வேண்டும்.

மேல வீடும் கீழ வீடும் பங்காளிகள். மேல வீட்டுப் பாட்டன் ஒருவர் அந்தக் காலத்தில் காசிக்குப் போய்க் கங்கைத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்தார். அந்தக் குப்பி மேல வீட்டுச் சாமி அறையில் இருக்கும். வெளி ஆள் தொடக்கூடாது என்பதால் குப்பிச் செட்டியாருக்கே அதை எட்ட நின்று பார்க்கத்தான் கிடைத்தது. கோயில் திருவிழாவில் அபிஷேகக் குடத்தில் அதிலிருந்து ஒரு கரண்டி விடுவார்கள். பங்காளி வீடுகளில் யாராவது கண்ணை மூடப்போகிறார் என்றாலும் ஒரு கரண்டி அங்கே போகும். இதனால்தான் கோயிலில் முதல் மாலையும் பரிவட்டமும் மேல வீட்டுக்கு. தலைமுறை தலைமுறையாக எடுத்தும் தண்ணீர் குறையாதது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கரண்டி கரண்டியாகக் குறைய, அந்த வீட்டுப் பெண்கள் ஊருணித் தண்ணீரை விட்டு நிரப்பிவைப்பார்கள். அடியில் ஒரு சொட்டுக் காசி இருந்தால் மேலே விடுவதும் காசிதான் என்பது கணக்கு.

ஒரு லீவு நாள் மத்தியானம். நான் அவர் அறையில் உட்கார்ந்து அவருக்குக் கொண்டுவந்த குப்பிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். மேல வீட்டுச் சின்ன ஆச்சி, அதாவது அந்த வீட்டு மருமகள், பின்வாசல் வழியாக வந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பயப்படாதீக ஆச்சி. இந்தத் தம்பி வாயைத் திறந்து நானே அதிகம் பாத்ததில்லை" என்றார் இவர்.

ஆச்சி தூக்குச் சட்டியைத் திறந்தார். உள்ளே கண்ணாடித் துண்டுகள்.

"துடைக்கும்போது நழுவிருச்சுண்ணே. தண்ணியைத் துணியில ஒத்தி எடுத்துச் சொம்புல பிழிஞ்சு வச்சிருக்கேன். ஒரு சொட்டுக்கூட வீணாகலை" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எங்க மாமியா தேவகோட்டைக்குப் போயிருக்காக. சாயந்தரம் வந்திருவாக. அவுகளுக்குத் தெரிஞ்சா என்னைய அப்பன் வீட்டுக்கே அனுப்பிருவாக. முதல் மரியாதையை உடைச்சவ பிள்ளைகன்னு என் பிள்ளைகளுக்குக்கூடப் பேராயிரும்."

அந்த மாமியாரை, அதாவது பெரிய ஆச்சியை, தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அவர் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டால் வேலையாட்கள் மூச்சைக்கூடச் சின்னதாக விடுவார்கள்.

இவர் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். கழுத்துத் துண்டில் நகத்தை வைத்து இழுத்தார். அடித் துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆச்சியைப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். குப்பியைப் பார்த்த பிறகு அவர் வாயை மூடி அன்றுதான் பார்த்தேன்.

"இதே மாதிரி ஒண்ணு இருக்குமாண்ணே?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். உயரம் சரியாக இருந்தால் வயிறு சரியாக இல்லை. வயிறு சரியாக இருந்தால் கழுத்து சரியாக இல்லை. கண் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க் கடைசியில் நடுவில் நின்றது. மூத்தவுகதான் பொருத்தம். நிறம் மட்டும் கொஞ்சம் பச்சை கூட. அவர் அதை எடுத்தார், துண்டால் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"கொண்டுபோங்க ஆச்சி. ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். நானாப் போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கேட்டாகன்னா மறைக்க மாட்டேன். குப்பி விசயத்துல எனக்குப் பொய் வராது."

"உங்ககிட்ட யாருண்ணே இதை வந்து கேக்கப்போறாக?" என்று ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயந்தரம் அவர் சாப்பிடவில்லை. "பொண்ணைக் கட்டிக் குடுத்தன்னைக்குக்கூட மூணு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சாக" என்று அவர் வீட்டு ஆச்சி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கேட்கிற நாள் சீக்கிரமே வந்தது. கோயில் குடமுழுக்குக்கு நாள் குறித்தார்கள். முதல் குடத்தை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது தலைப்பாகையோடு எழுந்தார் கீழ வீட்டுப் பெரியவர்.

"குப்பி இருக்குங்கிறதுக்குத்தானே மரியாதை? அது பாட்டன் குப்பிதானான்னு முதல்ல பாருங்க. போன திருவிழாவுல வெளுப்பா இருந்துச்சு. இப்பப் பச்சையா இருக்கு. எங்க கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

மேல வீட்டுச் செட்டியார், சின்ன ஆச்சியின் கணவர், துள்ளி எழுந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "எங்க பாட்டன் கொண்டாந்ததுக்கு என்ன பயம்? நம்ம ஊர்லதான் குப்பிக்கு வயசு சொல்ற ஆளு இருக்காகளே. அவுகளையே கூப்பிடுங்க. உண்மை தவிர வேற தெரியாத ஆளு."

பெரியவரும் உடனே சம்மதித்தார். மயிர்ச்சாயத்தைப் பற்றி உண்மை சொன்னவர் இதிலும் உண்மை சொல்வார் என்று அவருக்கு நம்பிக்கை.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் தூண்களை ஒட்டி ஒரு பக்கம். நான் ஒரு மூலையில் நின்றேன். சின்ன ஆச்சி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய ஆச்சி மகனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

"சாமி தண்ணியைச் சந்தையில வச்சுப் பாக்கிறதா? உனக்குப் புத்தி இருக்கா? கொண்டுபோய் உள்ள வையி. முதல் குடம் போனா போகுது!"

"என்ன ஆத்தா நீ? நம்ம மேல சந்தேகப்படுறாக, விடச் சொல்றியே" என்றார் மகன்.

என்ன பக்தி என்று நான் நினைத்தேன்.

குப்பியைப் பட்டுத்துணியில் வைத்துக் கொடுத்தார்கள். தண்ணீர் நிறைய இருந்தது. இவர் அதைக் கையில் வாங்கியபோது முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வெளியூர் போன சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

பெரியவர் கேட்டார்: "சுத்திவளைக்க வேண்டாம். இது எங்க பாட்டன் காலத்துக் குப்பியா, இல்ல இப்ப வாங்கினதா? அதை மட்டும் சொல்லுங்க."

நகம் அடியிலிருந்து கிளம்பியது. வயிற்றில் ஏறியது. சின்ன ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். நகம் தோளுக்கு வந்து நின்றது.

"கோடு இங்கேயே நின்னுபோச்சு" என்றார் இவர். "வாய் கையால செஞ்சு ஒட்டினது. இந்தா, அடியில தொப்புள் இருக்கு. உள்ள கொப்புளத்தைப் பாருங்க. பாட்டன் காலத்துக்குக் குறைஞ்சதில்லை. ஒருவேளை அவுகளுக்கும் முந்தினதா இருந்தாலும் இருக்கும்."

"சத்தியமா?"

"நான் குப்பியைப் பத்திப் பொய் சொல்லி நீக கேட்டிருக்கீகளா? வேணும்னா ஊருணியில கிடைச்ச அந்த நீலக் குப்பிகளையும்..."

"போதும் போதும்" என்று பெரியவர் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மண்டபம் சிரித்தது. மேல வீட்டுச் செட்டியார் குப்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். சின்ன ஆச்சி தூணோடு சரிந்து உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பெரிய ஆச்சியும் சந்தோஷப்பட்டிருப்பார் என்று அவர் பக்கம் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பேயைப் பார்த்தவர் மாதிரி அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அது எப்படி?" என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, தூணடியில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். சின்ன ஆச்சி நிமிர்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டது பெரிய ஆச்சி.

எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் அவர் சொன்னார்.

"சின்ன ஆச்சி கொண்டாந்த துண்டைப் பாத்தியா? கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்துச்சு. மிஷின் குப்பி. அடியில இருக்கிற எழுத்து எனக்குத் தெரிஞ்ச எழுத்து. நான் ரங்கூன்ல இருந்தப்ப வாசனை எண்ணெய் அதுலதான் வரும். நம்ம பக்கத்துச் சீனர் கடையில மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கும்."

"அப்ப பாட்டன் குப்பி?"

"அதை உடைச்சது வேற ஆளு. சாமி அறைச் சாவி இத்தனை வருசமா யாரு இடுப்புல இருந்துச்சு?"

எனக்கு நடுத்தெருவில் சிரிப்பு வந்துவிட்டது. "இதைச் சின்ன ஆச்சிகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை பயப்படாம இருந்திருக்குமே?"

"அவுக கேக்கலையே" என்றார்.

அதற்குப் பிறகு மேல வீட்டில் சாவிக்கொத்துச் சத்தம் குறைந்துவிட்டது என்று வேலையாட்கள் சொன்னார்கள். சாமி அறையைத் துடைக்கும் வேலையைப் பெரிய ஆச்சி முழுவதுமாக மருமகளிடம் விட்டுவிட்டார். மருமகளும் மாமியாரிடம் குரல் உயர்த்தவில்லை. ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவரும் திறக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் அவ்வளவு ஒற்றுமையான மாமியார் மருமகளை நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது. அவருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. காசிக்குப் போய்வந்த நிஜக் குப்பியின் துண்டுகளைப் பெரிய ஆச்சி எங்கேயாவது புதைத்திருக்க வேண்டுமே! ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. மண்ணுக்குள் குத்திப் பார்க்கிற கம்பியை எடுத்துக்கொண்டு மேல வீட்டுப் பின்புறம் போய்க் குத்த ஆரம்பித்துவிட்டார். நானும் கூட நின்றேன்.

மாடி ஜன்னலில் பெரிய ஆச்சியின் முகம் தெரிந்தது. "என்னப்பா தேடுறீக?"

"காசிக் குப்பியை ஆச்சி."

"அதுதான் சாமி அறையில இருக்கே. நீகதானே ஊருக்குச் சொன்னீக."

"அதுக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பாகளோன்னு ஒரு சந்தேகம்."

முகம் சட்டென்று உள்ளே போனது. பிறகு, "வெயில்ல நிக்காதீக. மோர் குடுத்தனுப்புறேன், குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்று குரல் வந்தது. மோரும் வந்தது. இவர் குடித்துவிட்டு இன்னொரு பக்கம் குத்தினார். பின்புறம் பெரிய இடம். அவர் குத்துகிற வேகத்துக்கு வருஷக்கணக்காகும்.

அடுத்த மாதம் அந்தப் பின்புறத்தின் வடக்கு மூலையில் செங்கல் வண்டி வந்து இறங்கியது. மாட்டுக் கொட்டகை கட்டப்போகிறார்கள் என்றார்கள். மகன் தாயிடம் மன்றாடியதை வேலையாட்கள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

"ஆத்தா, இருக்கிற கொட்டகையே பாதி காலியாத்தானே கிடக்கு?"

"மாடு வாங்கு."

"சரி, அந்த மூலையில எதுக்கு? கிணத்துப் பக்கம் கட்டுவோம்."

"எனக்கு அந்த மூலைதான் வேணும்."

கொட்டகை எழும்பியது. அதோடு ஆச்சிக்குத் திருப்தி வரவில்லை. மண் தரை கூடாது என்றார். ஆத்தங்குடியிலிருந்து பூப்போட்ட தரைக்கல் வந்தது. சிவப்பும் பச்சையுமாக, கல்யாண மண்டபம் மாதிரி, கம்பி இறங்க ஒரு இடுக்கு இல்லாமல் பதித்தார்கள். புதிதாக வாங்கிய மாட்டை உள்ளே கொண்டுவந்தபோது அது வழுக்கி முன்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் பழைய கொட்டகையிலேயே கட்டினார்கள்.

அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இனிமேல் தோண்ட முடியாதே என்று வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நானாத் தேடியிருந்தா என் ஆயுசுக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன் தம்பி. ஆச்சி எவ்வளவு செலவு பண்ணி இடத்தைக் காட்டிக் குடுத்திருக்காக பாரு!"

கம்பியை அன்றோடு அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, மாடில்லாத அந்தக் கொட்டகையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துக் கும்பிடுவார். வயதாக ஆக அவருக்குப் பசு பக்தி வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மேல வீட்டு மாடியில் மட்டும் அந்நேரம் ஒரு ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்ளும்.